ஐந்தாம் வளைவில் பிரேக் பிடிக்காமல் போன விவரம்

ஊசிமலைத் தோட்டம்,
மேற்பிரிவு, ராகலை.
30.4.1957

வட்டவளைப் பக்கத்துப் பெரிய கணக்கப்பிள்ளையும், மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவருமான மதிப்புக்குரிய கணேசமூர்த்தி சம்பந்தி அவர்களுக்கு, லாரி டிரைவர் சோலைமலை இரண்டு கையையும் கூப்பி எழுதிக்கொள்வது.

சம்பந்தி என்று எழுதிவிட்டேன். அப்படி எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் முதல் தாளில் 'ஐயா' என்று போட்டேன். அது வேலை கேட்டு எழுதுகிற மனு மாதிரி இருந்தது. இரண்டாவது தாளில் 'அண்ணன்' என்று போட்டேன். என் சம்சாரம் அழகம்மா எட்டிப் பார்த்து, "அண்ணன்னு போட்டீங்கன்னா அந்த வீட்டுப் பையன் நம்ம புள்ளைக்கு அண்ணன் முறை ஆயிடும். அவங்க நிறுத்துறதுக்கு முந்தி கல்யாணத்த நீங்களே நிறுத்திப்புடாதீங்க" என்றாள். ஆகவே மூன்றாவது தாளில் துணிந்து சம்பந்தி என்றே போட்டிருக்கிறேன். தங்கள் மனசுக்கு ஒவ்வாவிட்டால் அந்த இடங்களில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு படிக்கவும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை. உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் கடிதம் வந்த வியாழக்கிழமையிலிருந்து யாருக்கும் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். அங்கே தாங்களும், ராசம்மா தங்கச்சியும், மாப்பிள்ளைத் தம்பி அழகனும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று, இன்னும் எங்கள் மேல் கோபப்படாத சாமிகளை எல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் கடிதத்தை ஆறு தடவை படித்தேன். என் மகள் மீனம்மாவுக்கும் தங்கள் மகனுக்கும் வைகாசியில் முகூர்த்தம் குறித்து, பரிசப் புடவையும் வந்து, பந்தல்காலுக்கு மூங்கில்கூடப் பார்த்து வைத்த பிறகு, 'சாமியைத் தாண்டிப் போன மனிதரின் வீட்டில் பெண் எடுப்பது எங்கள் குடும்பத்துக்கு ஆகாது' என்று எழுதியிருக்கிறீர்கள். வருகிற வெள்ளிக்கிழமை வட்டவளைக்கு வந்து, அம்மன் சந்நிதியில் சூடத்தைக் கையால் அணைத்து, நான் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை என்று சத்தியம் செய்தால் கல்யாணம். இல்லாவிட்டால் புடவையைத் திருப்பி அனுப்பிவிட வேண்டியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நியாயம். நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன், ஆனால் இவ்வளவு நல்ல கையெழுத்தில் எழுதியிருக்க முடியாது. சத்தியத்துக்கு முன்னால் நடந்ததை நடந்தபடி உங்களுக்குச் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன். கந்தப்பன் சொன்னதை நம்ப வேண்டாம். அவர் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று பேசி முடித்தவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தோட்டம் தோட்டமாகத் துணி விற்கிறவர், முழத்தைக் கொஞ்சம் இழுத்தே அளக்கிற பழக்கம் அவருக்கு உண்டு.

என்னைப் பற்றி நீங்கள் அறியாததில்லை. ராகலைக்கு வந்துகொண்டிருந்த சின்ன ரெயிலை நிறுத்தின பிறகு ஒன்பது வருஷமாக எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பெட்டியை நானுஓயா ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் லாரிதான். வழியில் ஏழு கோயில். ஏழிலும் நிறுத்துவேன். இஞ்சினை அணைப்பேன், செருப்பைக் கழற்றுவேன், சூடம் கொளுத்துவேன், லாரி நெற்றியில் விபூதி பூசுவேன், அப்புறம் இஞ்சின் மனசு வைத்துக் கிளம்புகிற வரைக்கும் காத்திருப்பேன். ஸ்டேஷனில் இருக்கிற துரைராசா ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், என்னைக் கண்டதும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சோலைமலை, இண்டைக்கு எட்டாவதா ஒரு கோயில் முளைச்சிட்டுதோ?" என்று கேட்பார். நீங்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் என் லாரியில்தான் ஏறினீர்கள். நல்ல நேரத்தில் கிளம்பி, ஏழு இடத்திலும் நின்று, சரியாக ராகுகாலத்தில் வந்து இறங்கி, எங்கள் லயத்து வீட்டு வாசலில் ஒன்றரை மணி நேரம் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தீர்கள். கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ, "சாமிக்கு நிக்கிற மனுசன் வீட்டுல பொண்ணு எடுக்கிறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஆறு மாசம் தலை நிமிர்ந்து நடந்தேன்.

இப்போது காருக்கு வருகிறேன். எங்கள் சின்ன துரை கப்பலில் ஒரு கார் வரவழைத்தார். இரண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை இல்லை, முற்றின தேயிலைப் பச்சை நிறம், முன்பக்கம் மட்டும் என் லயத்து அறை நீளம் இருக்கும். இவ்வளவு பெரிய முன்பக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். குதிரை என்றார். நூற்றி அறுபது குதிரையாம். துரைமார் சித்திரை மாசம் நுவரெலியாவில் கூடுவது உங்களுக்குத் தெரியும். குதிரைப் பந்தயம், பூக் கண்காட்சி, எல்லாம் முடிந்து கடைசியில் கார்ப் பந்தயம். ஒரு மைல் ஏற்றம், எட்டு வளைவு, ஒவ்வொரு காராக விடுவார்கள், மேலே ஒரு துரை கையில் கடிகாரத்தோடு நின்று நேரம் பார்ப்பார். இந்த வருஷம் எந்தத் துரைக்கு எந்த விஸ்கிக் கிளாசில் தோன்றியதோ, நாம் ஓடினது போதும், நம்ம டிரைவர்மாரை விட்டுப் பார்ப்போம், ஜெயிக்கிறவனுக்கு ஒரு கப் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் லைசென்சு உள்ளவர்கள் இரண்டே பேர். ஒருவர் பெரிய துரையின் டிரைவர் செல்லசாமி, அவர் பெரிய துரையின் காரை ஓட்டுவார். மற்றவன் நான்.

நான் தேயிலை ஸ்டோர் வாசலில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது சின்ன துரை வந்தார். "சோலமல, நம்ம காடி நீ ஓட்டுறான்" என்றார். துரை பேசுகிற தமிழ் அப்படித்தான், மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "நான் லாரிக்காரனுங்க தொரை" என்றேன். "லாரி நாலு சக்கரம். இது நாலு சக்கரம். என்ன வித்தியாசம்?" "சக்கரம் நாலுதானுங்க தொரை. எனக்கு உசுரு ஒண்ணுதான்." அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை சம்பந்தி. ஆனால் துரை ஒரு தடவை சிரித்துவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் மாட்டேன் என்றால் லாரிச் சாவியை வாங்கி வேறொருவன் கையில் கொடுத்துவிடுவார்கள். கல்யாணத்தை வைத்துக்கொண்டு அப்படி ஒரு நிலைமைக்கு நான் ஆளாகலாமா?

இரண்டு நாள் ஓட்டிப் பழகச் சொன்னார். அந்த இரண்டு நாளையும் நான் எப்படிக் கழித்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் அந்தக் காரில் ஏறவே வழியில்லை, இறங்கத்தான் வேண்டியிருக்கிறது. லாரியில் பரணில் ஏறுகிற மாதிரி ஏறிப் பழகினவன், இதில் காலை நீட்டி, இடுப்பை ஒடித்து, உள்ளே விழுந்தேன். உட்கார்ந்தால் ரோடு பக்கத்திலேயே படுத்திருக்கிறது. கையை விட்டால் கல் பொறுக்கலாம். தேயிலைச் செடியெல்லாம் என்னைக் குனிந்து பார்த்தன. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் காரும் தெரியவில்லை, நானும் தெரியவில்லை, தலைப்பாகை மட்டும் தெரிந்திருக்கிறது. காளியாயி என்று ஒருத்தி, "அடியே, சோலமல அண்ணனோட தலப்பா மட்டும் ரோட்டுல தனியாப் போகுதுடி!" என்று கத்தி, முப்பது பேர் கூடையோடு ஓடிவந்து ரோட்டோரம் நின்று, அன்றைக்கு அந்த மலையில் கொழுந்து குறைந்ததற்கும் என் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

லாரியிடம் நாம் கேட்போம், அது யோசிக்கும், அப்புறம் போகும், சில நாள் போகாது. இந்தக் காரில் காலை வைக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது போய்விட்டது. லாரியைத் திருப்ப இரண்டு கையும் ஒரு தோளும் கொஞ்சம் கெட்ட வார்த்தையும் வேண்டும் (கெட்ட வார்த்தை கோயில் இல்லாத வளைவுகளில் மட்டும்). இதில் நான் இடது பக்கம் பார்த்தேன், அது இடது பக்கம் போயிற்று. பயந்துபோய் வலது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் வந்துவிட்டது. அதற்கப்புறம் நான் எங்கேயும் பார்க்கவில்லை. ராகலையில் மூக்கு அரிக்க ஆரம்பித்தது, கந்தப்பளை வரைக்கும் சொறியாமலே போனேன். லாரி கியர் ஆட்டுக்கல் சுற்றுகிற வேலை; இதற்கு வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி இரண்டு விரல் போதும். சத்தம் காதில் கேட்பதில்லை, விலா எலும்பில் கேட்கிறது. என் லாரியில் வேகம் காட்டுகிற முள் யுத்த காலத்திலேயே செத்துப் பதினைந்தில் நிற்கிறது, அதனால் நான் எப்போதும் பதினைந்தில் போவதாகத்தான் நினைத்துக்கொள்வேன். இதில் முள் உயிரோடு இருந்தது. அது ஐம்பதைத் தாண்டியபோது நான் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன், உடனே காரும் அந்தப் பக்கம் போக ஆரம்பித்துவிட்டது.

கந்தப்பளைக் கடைவீதியில் ஒரு செவலை நாய் உண்டு. ஒன்பது வருஷமாக என் லாரியைத் துரத்தும். துரத்தும் என்றால், துரத்தி, முந்தி, முன்னால் போய் உட்கார்ந்து, நான் வருகிற வரைக்கும் சொறிந்துகொண்டிருக்கும். அன்றைக்கும் பழக்க தோஷத்தில் பாய்ந்து வந்தது. நான் போன பிறகு அது ரோட்டு நடுவில் நின்ற நிலையைத் திரும்பிப் பார்த்தேன் சம்பந்தி, அந்த மாதிரி ஒரு முகத்தை நான் எந்த நாய்க்கும் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்த நேரத்துக்குள் ஒரு மரக்கறித் தோட்டம் எனக்கு முன்னால் வந்து நின்றது, அது வேறு கதை, லீக்ஸ் கொஞ்சம்தான் சேதம். இதையெல்லாம் இவ்வளவு விவரமாக ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தக் காரில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. அது காற்று. இரண்டாம் நாள் சின்ன துரை போதும் என்று சொன்ன பிறகும் நான் இன்னும் ஒரு தடவை மேற்பிரிவு வரைக்கும் போய்வந்தேன் என்று கந்தப்பன் சொல்லியிருந்தால், அது பழகுவதற்காக. அதற்கு அடுத்த தடவை போனதும் பழகுவதற்காகத்தான்.

பந்தயம் இருபதாம் தேதி சனிக்கிழமை. எட்டு வளைவில் ஐந்தாம் வளைவில், பாறைக்கு அடியில், முனியாண்டி இருக்கிறார். ஒரு கல், ஒரு சூலம், ஒரு மணி, அவ்வளவுதான். ஸ்டோரில் மெஷினுக்குக் காவல் ரோதமுனி என்றால் ரோட்டுக்கு இவர். அந்த வழியாகப் போகிற எந்த டிரைவரும், பின்னால் வெள்ளைக்காரத் துரையே உட்கார்ந்திருந்தாலும், "இஞ்சின் சூடு தொரை, தண்ணி ஊத்தணும்" என்று சொல்லியாவது அங்கே நிறுத்துவான். அந்த இடம் வந்தால் எல்லாக் காருக்கும் தாகம் எடுக்கும் என்றுதான் துரைமார் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பந்தயம் வைத்தவர்களுக்கு இது ஞாபகம் வரவில்லை. ஏழு டிரைவர்மாருக்கும் இதைத் தவிர வேறொன்றும் ஞாபகம் இல்லை. நாங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளக்கூட இல்லை, ஆனால் எல்லோர் மடியிலும் சூடம் இருந்தது.

முதலில் திம்புள்ளையிலிருந்து வந்த வீரய்யா போனார். கொடி விழுந்தது, கார் சீறிக்கொண்டு ஏறியது, நாலு வளைவு திரும்புகிற சத்தம் கேட்டது, அப்புறம் சத்தம் நின்றுபோயிற்று. மூன்று நிமிஷத்தில் மேலே போய்விடுவான் என்று பேசிக்கொண்டிருந்த துரைமார் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. துரைசாணிமார் குடையோடு எழுந்து நின்றார்கள். ஒரு துரை டாக்டரைக் கூப்பிட்டார். அப்போது மலையிலிருந்து கோயில் மணி கேட்டது. ஒன்பதாவது நிமிஷம் வீரய்யா நெற்றி நிறைய விபூதியோடு மேலே போய்ச் சேர்ந்தார். அடுத்தது எங்கள் செல்லசாமி, பதினோரு நிமிஷம். காற்றில் மூன்று தடவை சூடம் அணைந்துவிட்டதாம். மூன்றாவது ஆள் தேங்காய் உடைத்து ஒரு மூடியைத் துரைக்குப் பிரசாதமாகப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு போனார். நாலாவது போனவர் சிங்களவர், அவரும் நிறுத்தி, இறங்கி, பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். இப்படி ஆறு பேர். கடைசியில் துரைமார் கார் வேகத்தை மறந்துவிட்டு, எவன் சீக்கிரம் கும்பிடுவான் என்று பந்தயம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சின்ன துரை என் காதில் குனிந்து, "சோலமல, நீ சின்ன கும்பிடு போடு. பெரிய கும்பிடு வேணாம்" என்றார்.

ஏழாவது நான். மடியில் சூடம், பக்கத்து சீட்டில் தேங்காய், தீப்பெட்டி சட்டைப் பையில். நிற்கிறது என்றே முடிவு பண்ணித்தான் போனேன், தயவுசெய்து இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும். கொடி விழுந்ததைத்தான் பார்த்தேன், முதல் வளைவைப் பார்த்த ஞாபகமில்லை. இரண்டாம் வளைவில் தலைப்பாகை போய்விட்டது. அது இன்னும் கிடைக்கவில்லை. மூன்றாம் வளைவில் காரின் பின்பக்கம் என்னை முந்தப் பார்த்தது, சும்மா இரு என்று ஸ்டியரிங்கை லேசாகத் தட்டினேன், கேட்டுக்கொண்டது. லாரி ஒன்பது வருஷத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாலாம் வளைவு திரும்பினதும் முனியாண்டி தெரிந்தார். முன்னால் போன ஆறு பேர் ஏற்றி வைத்த சூடம் எரிஞ்சிக்கிட்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன் சம்பந்தி. முழுக்காலால் மிதித்தேன். பிடிக்கவில்லை. ஒரு கையால் கும்பிட்டேன், ஒரு கையால் கும்பிடக் கூடாதுதான், ஆனால் மற்றக் கையையும் எடுத்திருந்தால் சத்தியம் செய்ய ஆள் இருந்திருக்க மாட்டேன். அதே வளைவில் தேங்காய் சீட்டிலிருந்து உருண்டு, கீழே இரும்பில் மோதி, சரிபாதியாக உடைந்து, தண்ணீர் என் காலில் ஊற்றியது. சாமி முன்னால் தானாக உடைந்த தேங்காய், நின்று உடைத்ததுக்குச் சமானம்தான் என்று எங்கள் தோட்டத்துப் பூசாரி சின்னத்தம்பி சொல்கிறார். அவர் வாயால் சொன்னதை நீங்கள் வேண்டுமானால் ஆள் அனுப்பி விசாரிக்கலாம். பிரேக் பிடிக்காத கார் மேலே போய் எப்படி நின்றது என்று நீங்கள் கேட்கலாம். ஏற்றம்தானே, அதுவாக நின்றது.

ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு வினாடி என்றார்கள். துரைமார் தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள். ஒரு துரைசாணி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு எந்தக் கையைக் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டையும் கொடுத்துவிட்டேன். சின்ன துரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கித்தான் என்னை வெளியே எடுத்தார். ஆனால் ஆறு டிரைவர்மாரும் கிட்டே வரவில்லை. வீரய்யா மட்டும் தூரத்தில் நின்று, "கப்பு ஒங்களுக்குத்தாண்ணே. ஆனா நாங்க அங்க நின்னோம்" என்றார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் விடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை லாரிக்கு ஒரு பஞ்சர், திங்கட்கிழமை இரண்டு. செவ்வாய்க்கிழமை முட்டையிடுகிற கோழி செத்துப்போச்சு, அது கிழட்டுக் கோழிதான், ஆனால் லயத்தில் யாரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ராகலைக்குப் போக என் லாரியில் தொத்திக்கொள்கிற பொம்பளைகள் இப்போது நடந்து போகிறார்கள். நான் நிறுத்தி, "ஏறுங்கம்மா" என்றால், "வேணாம்ண்ணே, நாங்க நிக்கிற வண்டில வர்றோம்" என்கிறார்கள். நான் நிறுத்திக்கொண்டுதானே கூப்பிடுகிறேன்? கப்பை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று அழகம்மா வெளியே வைத்துவிட்டாள், மிச்சம் இருக்கிற கோழிகள் அதில்தான் தண்ணி குடிக்குது. இதெல்லாம் போதாது என்று கந்தப்பன் வட்டவளையில் வந்து, நான் தவறணையில் குடித்துவிட்டு ஏறினேன் என்றும், சூலத்தை இடித்துச் சாய்த்தேன் என்றும், முனியாண்டியைப் பார்த்து நாக்கைத் துருத்தினேன் என்றும் சொல்லியிருக்கிறார். குடிக்கவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூட இறங்கவில்லை. சூலம் நின்ற இடத்திலேதான் நிற்கிறது. நாக்கு வெளியே வந்திருக்கலாம், அது காற்றுக்கு வந்தது, நானாக நீட்டவில்லை.

பரிகாரமும் செய்துவிட்டேன். சின்னத்தம்பி பூசாரி சொன்னபடி ஒரு சேவலும் இருபத்தொரு எலுமிச்சம்பழமும் கொண்டுபோய், அந்த வளைவில் லாரியை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்துக் கும்பிட்டேன். பின்னால் இரண்டு பஸ்ஸும் ஒரு பொலிஸ் ஜீப்பும் நின்றதால் அவர்களும் கும்பிட்ட மாதிரி ஆயிற்று. அடுத்த வருஷமும் ஓட்டச் சொன்ன சின்ன துரையிடம், இனி அந்தக் காரை விரலாலும் தொட மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். மீனம்மா நல்ல பிள்ளை சம்பந்தி. அவளுக்கு என் குணம் ஒன்றும் வரவில்லை, எல்லாம் அவள் அம்மா மாதிரி. நான் ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு வினாடியில் செய்ததற்கு அவள் ஆயுசு முழுக்க வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டுமா? வெள்ளிக்கிழமை காலை ரெயிலில் வருகிறேன். சூடத்தைக் கொளுத்தி வைத்திருங்கள். பிரேக் பிடிக்கவில்லை, வேண்டுமென்று நிற்காமல் போகவில்லை என்று ஊர் பார்க்க அணைத்துச் சத்தியம் பண்ணுகிறேன்.

தங்கள் வீட்டு அடுப்பு அணையாமல், தங்கள் ஸ்டோரில் மெஷின் நிற்காமல், மாப்பிள்ளைத் தம்பிக்கு ஒரு குறையும் வராமல், எல்லா முனிகளும் முன்னும் பின்னும் காவல் நிற்க வேண்டும். ராசம்மா தங்கச்சிக்கு அழகம்மா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். இதைச் சொல்லும்போது அழுதுகொண்டிருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி (கண்ணை மூடவும்),
சோலைமலை

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை கேட்டேன், மீனம்மா கொண்டு வந்தாள். நான் லாரியைக் கழுவப் போயிருந்த நேரத்தில் கடிதத்தை முழுக்கப் படித்திருக்கிறாள். "வெள்ளிக்கிழம சூடத்த அணைக்கப் போறீங்களாப்பா?" என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன். "பிரேக் பிடிக்கலன்னு சொல்லியா?" என்றாள். பருக்கையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

பிரேக் நன்றாகப் பிடித்தது சம்பந்தி. ஆறாம் வளைவில் பிடித்தது, எட்டாம் வளைவில் பிடித்தது, மேலே போய் நிற்கும்போது ஒரு முழம்கூட வழுக்காமல் பிடித்தது. அந்தக் காரில் இருந்ததிலேயே உத்தமமான சாமான் அதுதான். ஐந்தாம் வளைவில் நான்தான் மிதிக்கவில்லை. காலைத் தூக்கினேன். முனியாண்டியைப் பார்த்தேன். மறுபடி காலை வைத்தேன், வைத்த இடம் பிரேக் இல்லை. "சாமி, ஒன்பது வருசமா போக ஏழு, வர ஏழுன்னு நின்னுக்கிட்டே இருக்கேன். இந்த ஒரு தடவ நிக்காமப் போயிப் பாக்குறேன், கோவிச்சுக்காத" என்று வாய்விட்டே சொன்னேன். அவர் கோபித்துக்கொண்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷமா இருந்துச்சு. கல்யாண வயசில் மகளை வைத்துக்கொண்டு இப்படி எழுதுவது வெட்கமாகத்தான் இருக்கிறது. கண்ணில் வந்த தண்ணியும் முழுக்கக் காற்று இல்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை சத்தியம் செய்ய என்னால் வர முடியாது. நிற்காமல் போனதை முனியாண்டி பொறுத்துக்கொண்டாலும், பொய்ச் சத்தியத்தை மாரியம்மன் பொறுக்க மாட்டாள்; அது என்னோடு போகாது, பிள்ளை தலையில் வந்து விடியும். சின்ன துரையிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டதாக மேலே எழுதியிருக்கிறேன். சொல்லவில்லை. பார்க்கலாம் தொரை என்றுதான் சொன்னேன். அந்த வரியையும் அடித்துவிடவும்.

இதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு மாதிரி எழுதுகிறேன் என்று மீனம்மாவிடம் சொன்னேன். "கிழிக்காதீங்கப்பா. இதையே அனுப்புங்க. படிச்சிட்டும் வர்ற மனுசங்கன்னா வரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பரிசப் புடவையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திருப்பி அனுப்ப எடுத்தாளா, சும்மா பார்க்க எடுத்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் வருவதானால் எந்த ரெயில் என்று ஒரு வரி எழுதுங்கள். வரவில்லை என்றாலும் ஒரு வரி எழுதுங்கள். ஒன்றுமே எழுதாவிட்டால் நான் ஒவ்வொரு ரெயிலுக்கும் நானுஓயாவில் வந்து நிற்பேன்.